சம்பந்தி பொருத்திய இரண்டு ஃபேன்கள் குறித்து

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பனும் ஆறு சக்கர லாரி ஒன்றின் சொந்தக்காரனும் ஓட்டுநருமாகிய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் இங்கே சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் நேற்று சாயங்காலம்தான் என் மகள் ஃபோனில் எல்லோரும் சௌக்கியம் என்று சொன்னாள். இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்துவிட்டால் கேட்டுத்தான் ஆகவேண்டும், அதனால் கேட்டுவிட்டேன். லாரி சௌக்கியமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஃபோனில் தாங்கள் "அப்படிங்களா, பாத்துடலாங்க" என்று சொல்லும் தோரணையிலேயே என் மனசு இளகிப்போய், சொல்ல வந்ததை விட்டுவிட்டு "மழை வருமாங்க அங்க?" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். நேரிலும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன இந்த இரண்டு வருஷத்தில் நாம் இருவரும் ஒருவரையொருவர் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணத்தன்று பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று "நீங்க முதல்ல", "ஐயையோ, நீங்க முதல்ல" என்று நாம் இருவரும் கை கூப்பிக்கொண்டே நின்றதில் சாப்பாடு தீர்ந்துபோய், பெண்ணைப் பெற்றவனும் பையனைப் பெற்றவரும் வாழைப்பழத்தோடு அன்றைய பொழுதை ஓட்டியது தங்களுக்கு நினைவிருக்கும். அந்த மரியாதைக்கு இன்றுவரை பங்கம் வந்ததில்லை. இன்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். தாங்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் தரை ஓடு ஏற்றிக்கொண்டு போய், கிடங்கு வாசலில் இருக்கிற எடை மேடையில் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். எடை போட்டாயிற்று, சீட்டும் வந்தாயிற்று, வண்டியை இறக்கவேண்டியதுதான் பாக்கி. நான் இறக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் எடை மேடைக்காரர் படியில் தொற்றிக்கொண்டு கண்ணாடியைத் தட்டுகிறார், பின்னால் ஒன்பது லாரி ஹாரன் அடிக்கிறது. "அண்ணே, பதினோரு நிமிஷமா ஒரே எடைதான் காட்டுது, நம்பிட்டேன், நகருங்க" என்றார். "சரியான வெயில்" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், மேகமாகத்தான் இருந்தது, ஆனாலும் வயசுக்கு மரியாதை கொடுத்து ஆமாம் என்று சொன்னார். டாக்டரிடமும் வெயில் என்று நான்தான் சொன்னேன், அவரும் வெயில் என்று எழுதிக்கொண்டு, எதற்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். "முதல்ல வண்டிக்கு ஒரு ஏசி போட்டுப் பாக்கறேன் சார், அப்புறம் தலையப் பாக்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் தங்கள் மருமகள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று தீர்ப்பு சொன்னாள். "இதோ பாருங்கப்பா, ஏசி இல்லாம இனிமே ஸ்டியரிங்ல கை வெச்சீங்கன்னா சாவிய வாங்கிட்டுப் போய் என் பீரோல வெச்சுக்குவேன். ஏசி போட்டும் இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்பவே வண்டிய வித்துடணும். சம்மதமா?" என்று கேட்டாள். அவள் அம்மா பின்னால் நின்று தலையாட்டுகிறாள், எனக்காக இல்லை, அவளுக்காக. நான் சம்மதம் என்றேன். முப்பத்துநாலு வருஷமாக லாரி ஓட்டுகிறேன், சம்பந்தி. வண்டியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால்கூட வலது கால் பிரேக்கைத் தேடுகிற ஆசாமி நான். சம்மதம் என்று சொல்லாமல் வேறு என்ன செய்ய?

பழைய வண்டி உடைக்கிற இடத்தில் நல்ல ஏசி ஒன்று கிடைத்தது. பொருத்தியவர் ஒரு சங்கதி சொன்னார். ஏசி உள்ளே குளிரை ஊதினால், உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வண்டியின் மூக்குக்குப் பின்னால் இருக்கிற சல்லடை வழியாக வெளியே தள்ளியாகவேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே வந்து தள்ளிவிடும். சிக்னலில் நின்றால் தள்ள ஆளில்லை, ஏசி கொஞ்ச நேரத்தில் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். என் வண்டியில் இன்ஜினே சுற்றிவிடுகிற ஃபேன் ஒன்று இருந்தது. அதுவும் என்னைப்போல, வண்டி நின்றால் சோர்ந்துவிடும். அதை எடுத்துவிட்டு கரண்ட்டில் சுற்றுகிற ஃபேன் இரண்டு வைத்து, ஏசி போட்டாலும் சுற்றணும், இன்ஜின் சூடானாலும் சுற்றணும் என்று வயரிங் செய்யணும், நல்ல எலக்ட்ரீஷியனாகப் பாருங்கள் என்றார். இதை நான் அந்த வாரம் தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொதுவாகத்தான் சொன்னேன். தாங்கள் தட்டில் கை வைத்தபடியே "இதுக்கு எதுக்குங்க வெளியாள்? முப்பது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாத்த கை இது" என்று சொல்லிவிட்டீர்கள். சொன்னவர் சம்பந்தி. நான் என்ன, "லிஃப்ட் வேற லாரி வேற" என்றா சொல்ல முடியும்? "உங்க கை பட்டா வண்டிக்கே அதிர்ஷ்டங்க" என்றேன். என் நாக்கு அப்படி.

அதற்குப் பிறகு என் மகள் என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டு, "அப்பா, மாமா ரிடையர் ஆனதுலேர்ந்து வீட்ல நல்லா இருக்கற மிக்சியக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, அத்தைக்குப் பைத்தியம் பிடிக்குது. இப்பத்தான் ஒரு வேலை கிடைச்சு முகத்துல சிரிப்பு வந்திருக்கு. எதையாவது சொல்லி அவர் மனச உடைச்சிடாதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இதைத் தங்களிடம் சொல்லக் கூடாது என்பதும் அந்தச் சத்தியத்தில் சேர்த்திதான். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கியதை நான் மறக்கமாட்டேன். பெட்டியைத் திறந்தால் ஸ்க்ரூடிரைவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல உயர வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வயரின் முனையிலும் சீட்டு ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கூடப் படிக்கிற மாதிரி முத்து முத்தாக எழுதினீர்கள். எனக்கு டார்ச் பிடிக்கிற உத்தியோகம். முப்பத்துநாலு வருஷம் நானே படுத்துப் புரண்டு வேலை பார்த்த வண்டியின் பக்கத்தில், "இப்படிப் பிடிங்க, இல்லீங்க, இன்னும் கொஞ்சம் இப்படி" என்று கேட்டபடி ஐந்து மணி நேரம் நின்றேன். ஃபேன் சுற்றியது. காற்று எப்படி வருகிறது என்று பார்க்க ஒரு காகிதத்தை வண்டியின் மூக்குக்கு முன்னால் பிடித்தீர்கள். காகிதம் சல்லடையில் ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. அது தங்கள் கையைவிட்டுத் தெருவைப் பார்க்கப் பறந்துபோய் எதிர்வீட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது தங்களுக்கும் தெரிந்தது. "எப்படிங்க?" என்று கேட்டீர்கள். "பிரமாதங்க" என்றேன். என் மனைவி டீத்தட்டோடு வந்து, "காத்து வெளிய வருதே, உள்ளயில்ல போகணும்?" என்று கேட்டாளா இல்லையா? "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்று அவளை விரட்டினேனா இல்லையா? அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு வாரம் அவளிடம் நான் பட்டது வேறு கதை.

அந்த வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று உள்ளே வரப் பார்க்கிறது, தங்கள் ஃபேன் இரண்டும் வெளியே தள்ளப் பார்க்கின்றன, இரண்டு காற்றும் சல்லடையில் சந்தித்து, "நீங்க முதல்ல", "இல்லீங்க, நீங்க முதல்ல" என்று சம்பந்திகள் மாதிரி நின்றுவிட்டன. இன்ஜின் கொதிக்கிறது, ஏசி நின்றுபோகிறது, நான் வெந்துகொண்டே ஓட்டுகிறேன். இதைத் தங்களிடம் எப்படிச் சொல்ல? மகளிடம் சொன்னேன். அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாள். மாப்பிள்ளை தங்களிடம் ஏதோ பேப்பரில் படித்த மாதிரி, "லாரில காத்து முன்னாலேர்ந்து பின்னாலதான் போகணுமாம்ப்பா, போட்டிருக்கான்" என்று சொன்னாராம். அடுத்த ஞாயிறு தாங்கள் வந்து இரண்டே நிமிஷத்தில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, "அன்னிக்கே எனக்குத் தோணுச்சுங்க, நீங்க பிரமாதம்னு சொன்னதால விட்டுட்டேன்" என்றீர்கள். அப்போதுகூட நான் "அதனால என்னங்க, ஒரு வாரம் காத்தாட இருந்துச்சு" என்றுதான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

இனி இரண்டாவது சங்கதி. ஃபேன் சுற்றுவதற்கு இரண்டு காரணம் என்று ஏசிக்காரர் சொன்னார் இல்லையா, ஏசி ஒன்று, இன்ஜின் சூடு ஒன்று. தாங்கள் அந்த இரண்டு வயரையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டு ஃபேனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். "எந்த மாடில பட்டன அமுக்கினாலும் ஒரே லிஃப்ட் பெட்டிதாங்க வரணும்" என்று விளக்கமும் சொன்னீர்கள். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஜின் பக்கமிருந்து வந்த கரண்ட் ஃபேனோடு நிற்காமல், அதே முடிச்சு வழியாகத் திரும்பி ஏசிக்கும் போய்விடுகிறது. விளைவு என்ன? இன்ஜின் சூடானால் ஏசி தானாகப் போட்டுக்கொள்கிறது. மேட்டில் பாரத்தோடு ஏறுகிறேன், இன்ஜின் சூடாகிறது, ஏசி வந்துவிடுகிறது, ஏசி வந்ததால் இன்ஜினுக்கு இன்னும் பாரம், அதனால் இன்னும் சூடு, அதனால் இன்னும் ஏசி. சுவிட்சை அணைத்தால் அது, இவன் யாரோ என்று என்னைப் பார்க்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவி பறக்கிறது, இந்தப் பக்கம் நான் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருக்கிறேன். அதுவாவது போகட்டும். சரக்கு இறக்கப் போன இடத்தில் வண்டியை அணைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன். ஆளில்லாத வண்டி உள்ளே தானாகக் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்த காவல்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். "உள்ள யாருங்க இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். "சம்பந்தி" என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதைத் தாங்களாகவே கண்டுபிடித்து, கரண்ட் ஒரு பக்கம் மட்டும் போகிற மாதிரி மிளகு அளவுக்கு ஒரு சாமானை நடுவில் வைத்துச் சரிசெய்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அதே ஞாயிறு, என்னைக் கேட்காமல், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, மூன்றாவதாக ஒன்று செய்தீர்கள். அதுதான், சம்பந்தி, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. இரண்டு கதவிலும் சுவிட்ச் வைத்தீர்கள்! கதவு திறந்திருந்தால் ஃபேனும் சுற்றாது, ஏசியும் ஓடாது. ஏனுங்க என்று மெல்லக் கேட்டேன். "கதவு சரியா மூடாம லிஃப்ட் பெட்டி நகரக் கூடாதுங்க, அது உயிர் சமாச்சாரம்" என்றீர்கள். உங்க கண்ணுல அப்ப ஒரு ஈரம் பாத்தேன். ஆமாங்க, உயிர் சமாச்சாரம்தான், என்றேன். வேற என்ன சொல்ல? ஆனா இது லாரிங்க. என் இடதுபக்கக் கதவு நான் வண்டி வாங்கின நாளிலிருந்தே லொடலொடன்னுதான் இருக்கு. ஒவ்வொரு பள்ளத்துலயும் அது ஒரு விரல்கடை திறக்குது, உடனே எல்லாம் நின்னுபோகுது, அடுத்த பள்ளத்துல மூடுது, திரும்ப எல்லாம் ஓடுது. சாலையோ உங்களுக்கே தெரியும். ஏசி விக்கல் எடுத்த மாதிரி விட்டு விட்டு வருது.

கயிறு போட்டுக் கட்டிப் பாத்தேன், அறுந்துபோச்சு. கடைசில என் வீட்டுக்காரி, "நான் வந்து பிடிச்சுக்கறேன், வேற வழியில்ல" அப்படின்னு ஏறி உக்காந்துட்டா. போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது, கதவைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. வாயும் சும்மா இல்ல. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல இவ்வளவு நேரம் பேசினதே கிடையாது. "ஏங்க, இந்த ரோட்டுல ஒரு மரம் இருக்குன்னு சொல்லுவீங்களே, இதுவா அது?" அப்படின்னு கேக்கறா. நான் எப்பவோ சொன்ன மரம். ஆமான்னேன். "நல்லாத்தான் இருக்கு" அப்படின்னா. இதைக் குறையாச் சொல்லல, சும்மா சொன்னேன். வீட்டுக்கு வந்து பாத்தா கை வீங்கிப்போச்சு அவளுக்கு. அதைப் பாத்ததும்தான் நான் மகள்கிட்ட உண்மையைச் சொன்னேன், நீங்களும் போன ஞாயித்துக்கிழமை வந்து கதவு வயரை எடுத்துட்டீங்க. பெட்டியை மூடிட்டு, "இனிமே குறை இருக்காதுங்க" அப்படின்னு மட்டும் சொன்னீங்க. போகும்போது டீயும் குடிக்கல.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். மறுபடியும் முறையான தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இது முக்கியமான பகுதி. புதன்கிழமை காகித உருளைகள் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, தாங்கள் பொருத்திய ஃபேன்கள் இரண்டும் நின்றுவிட்டன. ஏசி சூடான காற்றை ஊதியது. எனக்கு வியர்த்தது. வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேறொரு ஓட்டுநரை வரவழைத்து அவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். இதற்கு முழுக்க முழுக்க அந்த ஃபேன்கள்தான் காரணம். எனக்கோ, என் வயதுக்கோ, என் உடம்புக்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்கிறேன்.

ஆகவே, தீர யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்காத ஃபேன்களை நம்பி ஒரு வண்டியை ஓட்ட முடியாது. வேறு ஆளை வைத்து வயரிங்கை மாற்றலாமே என்று மாப்பிள்ளை கேட்பார். சம்பந்தி கை வைத்த இடத்தில் இன்னொருவரைக் கை வைக்கச் சொல்வது தங்களுக்குச் செய்யும் அவமரியாதை, அதை நான் செய்யமாட்டேன். வண்டியை விற்கப்போகிறேன். கேட்பவர்களிடம் எல்லாம், ஃபேன் சரியில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றே சொல்லப்போகிறேன். தாங்களும் அப்படியே சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. தங்கள் ஸ்க்ரூடிரைவர் ஒன்று என் டூல் பெட்டியில் இருக்கிறது, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் நிறைவாழ்வு அமைய என் மனமார்ந்த ஆசி. இந்தக் கடிதத்தில் மரியாதை எங்காவது குறைந்திருந்தால் அதை மன்னித்து, குறையாத இடங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி.

பி.கு: இந்தக் கடைசித் தாளைத் தனியாக எழுதியிருக்கிறேன். மேலே உள்ளதைக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள். இதை நீங்க மட்டும் படிச்சுட்டுக் கிழிச்சுடுங்க.

சம்பந்தி, புதன்கிழமை ஃபேன் நிக்கல. ரெண்டும் ஓடுச்சு. சரியான பக்கமா, ஒரே சீரா, சத்தமே இல்லாம ஓடுச்சு. ஏசி அப்படிக் குளுந்துச்சு, நான் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டினேன். அப்படியிருந்தும் அது வந்துச்சு. எடை மேடைல வந்த அதே இருட்டு. எவ்வளவு நேரம்னு தெரியல. கண்ணு தெளிஞ்சு பாத்தா வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டிருக்கு. எதிர்ல சைக்கிள்ல வந்தவர் சைக்கிளோட சரிவுல இறங்கி நின்னுட்டார். அவருக்கு ஒண்ணும் ஆகல. அவர் என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை. திட்டல. பயந்துபோய்ப் பாத்துட்டே நின்னார்.

வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கி, முன்பக்கம் போய் சல்லடைக்கிட்ட கையை வெச்சுப் பாத்தேன். ரெண்டுல ஒண்ணாவது நின்னிருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டே வெச்சேன். காத்து கையை உள்ள இழுத்துச்சு. ரெண்டும் ஓடுது. உங்க வேலைல ஒரு குறையும் இல்லீங்க. இது மரியாதைக்குச் சொல்றதில்ல, நிஜமாவே சொல்றேன்.

வண்டியை விக்கறது நிச்சயம். அந்த சைக்கிள்காரர் முகத்தைப் பாத்தப்புறம் என்னால சாவியைக் கையில எடுக்க முடியல. ஆனா என் பொண்ணுகிட்டயும் அவ அம்மாகிட்டயும் இப்பவே சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. என்னன்னு தெரிஞ்சப்புறம் நானே உக்கார வெச்சுச் சொல்லிடறேன். அதுவரைக்கும் பழி உங்க ஃபேன் மேலயே இருக்கட்டும். உங்க முப்பது வருஷ வேலைக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன், உங்களை விட்டா எனக்கு வேற யாரும் இல்ல.

டாக்டர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கார். தனியாப் போகப் பயமா இருக்கு, சம்பந்தி. வண்டி விக்கற விஷயமா ஒருத்தரைப் பாக்கணும்னு வீட்ல சொல்லிட்டு வந்துடுங்க. நானும் அதையே சொல்றேன். பஸ்லயே போயிடலாம். பின்னால எங்கயாவது இடம் பிடிங்க. முன் சீட்டு மட்டும் வேண்டாம், டிரைவர் கியர் போடறதைப் பாத்துட்டு என் வாய் சும்மா இருக்காது.